விரிசல் விழுந்த மாம்பழம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டியிருந்த தமிழ்ப் பள்ளியில் கன்னையா வாத்தியார் சித்திரம் சொல்லிக்கொடுத்த அழகைக் கேளுங்கள். கரும்பலகையில் ஒரு மாம்பழம் போடுவார். காம்போடு இரண்டு இலை. பிள்ளைகள் அதைச் சிலேட்டில் அப்படியே இறக்க வேண்டும். வருஷம் முழுக்க அதே பழம்தான், அழுகவே அழுகாது.

பலகையின் குறுக்கே ஒரு விரிசல். அது பழத்தின் நடுவே ஓடியது. அப்படியே என்றால் அப்படியேதானே? பிள்ளைகள் விரிசலையும் சேர்த்தே போட்டார்கள். வாத்தியாருக்குப் பரம திருப்தி.

ரயிலில் கரி அள்ளிப் போடும் கார்த்திகேசுவின் மகள் புஷ்பவல்லி மட்டும் விரிசலை விட்டுவிட்டு, பழத்தில் அணில் கடித்த பள்ளத்தைப் போட்டாள். முட்டை மார்க் விழுந்தது.

"இன்னொரு வாட்டி முட்டை வாங்கினே, பள்ளிக்கூடத்துக்கு முழுக்குத்தான். வீட்ல கெடந்து தம்பியப் பாத்துக்கோ," என்று கார்த்திகேசு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்கோ பல்பத்தைத் தொட்டால்தான் சோறு இறங்கும்.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் சபாபதி வந்து சேர்ந்தார். எல்லாச் சிலேட்டிலும் மாம்பழம், எல்லாப் பழத்திலும் ஒரே கோடு.

"என்ன வாத்தியாரே, கத்தியால வெட்டின பழமா?"

"பலகை விரிசல் சார். நம்ம பிள்ளைங்க ஒண்ணையும் விடமாட்டாங்க," என்றார் வாத்தியார் பெருமையாக.

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொள்ளாததுதான் குறை. பலகையை அழிக்கச் சொன்னார். "வர்ற வழியில பாத்தது எதையாவது போடுங்க."

வகுப்பு திருதிருவென்று விழித்தது. பிறகு எல்லோரும் துணிந்து மாம்பழத்தையே போட்டார்கள், விரிசலோடு.

புஷ்பவல்லியின் சிலேட்டில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு ரயில். மிச்ச இடமெல்லாம் புகை. புகைக்குள்ளே அப்பா இருமிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ரயில விடப் புகை பெரிசா இருக்கு?"

"அம்மா தெனம் தொவைக்கிறது புகையத்தானே சார்? ரயில இல்லியே."

இன்ஸ்பெக்டர் அசந்து போனார். "இதுதான்யா கற்பனை! யாரு சொல்லிக்கொடுத்தது?"

"நான்தான் சார்," என்றார் வாத்தியார், கொஞ்சமும் கூசாமல். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

எல்லாப் பிள்ளைகளின் கற்பனையையும் இப்படியே வளர்க்கச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பினார். வாத்தியார் சும்மா இருப்பாரா? புஷ்பவல்லியின் சிலேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாளே ரயில், புகை, இருமல் சகலத்தையும் பார்த்துப் பார்த்துப் பலகையில் ஏற்றிவிட்டு, சிலேட்டை அழித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். விரிசல் இந்த முறை அப்பாவின் கழுத்தில் ஓடியது.

"இதான் கற்பனை. அப்படியே போடுங்க. ஒரு கோடு கொறையக் கூடாது!"

பல்பங்கள் கீச்சிட்டன. வாத்தியார் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டே புஷ்பவல்லியிடம் வந்தார். அவள் படத்தில் புகை ரயில் கூரை மேலே அடங்கிப் படுத்துக் கிடந்தது. அப்பா ரயிலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தார்.

"என்னா இது?"

"நேத்து சாயங்காலம் மழை சார். புகையெல்லாம் அடங்கிப் போச்சு. அப்பா இருமவே இல்ல."

"பலகையில மழை இருக்கா? விரிசல் எங்கே? ஒன் படத்தையே ஒனக்குப் பாத்துப் போடத் தெரியல!" சிலேட்டின் மூலையில் முட்டை போடச் சுண்ணாம்புக் கட்டியை ஓங்கினார்.

புஷ்பவல்லிக்கு வீட்டில் தம்பியின் தொட்டில் கண்ணில் வந்தது.

"சார், சார், அழிச்சிட்டுப் போடறேன் சார்!"

எச்சில் தொட்டு அப்பாவின் சிரிப்பை அழித்தாள். பல்பத்தை எடுத்து முதலில் விரிசலைப் போட்டாள். பிறகு அதன் மேல் அப்பாவை.