கடைசி வரிசைச் சிவப்பு நாற்காலி

வில்லியனூர்ப் பக்கம் சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடும் அமிர்தசாமியிடம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. ஒன்பது வருஷமாக அதில் எவரும் உட்கார்ந்ததில்லை. பாகூரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் இரண்டு மணி நேரம் நின்றே கழித்தார். ஏன் என்று கேட்டதற்கு, "யாருக்கோ வச்சிருக்குதே" என்றார். மழை பெய்தாலும் அது நனையாது. அமிர்தசாமி இதைச் சத்தியம் செய்து சொல்வதில்லை. சத்தியம் தேவைப்படாத விஷயம் என்பார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு மகன் லியோ பிரகாஷ் பண்டசோழநல்லூருக்கு நாற்காலி ஏற்றிப் போனான். பாகூர் ஏரிக்கரையில் எஞ்சின் ஓடியபடி வண்டி மட்டும் நின்றது. ஏரியில் வலை போட்டுத் தேடியும் உடல் அகப்படவில்லை. மூன்றாம் நாள் கொட்டுகிற மழையில் இந்த நாற்காலி வீட்டு வாசலில் காய்ந்தபடி நின்றது. அன்றிலிருந்து எந்த விசேஷமானாலும் அதற்கு வெள்ளை உறை போட்டு முதல் வரிசை நடுவில் வைப்பார். வருகிறவன் நேராக வந்து உட்காரட்டும் என்று.

இந்த வருஷம் மனைவி ஆரோக்கிய செல்வி ஒரு காரியம் செய்துவிட்டாள்.

"கல்லறைத் திருநாளுக்கு அவன் பேரக் குடுத்துட்டேன். உபதேசியார் செத்தவங்களோட சேத்துப் படிப்பாரு. பூசை இல்லாம புள்ள அலையுது. வேணாம்னா நீயே போயி பட்டியல்ல பேர அடிச்சுட்டு வா."

அடிப்பதா, விடுவதா? பங்குச் சாமியாரைக் கேட்டால் ஜெபம் பண்ணு என்பார். குடோனுக்குப் பேச வரும் இரண்டு பேரைக் கேட்டார். ஒருவர் சுல்தான்பேட்டைத் தையல்காரர் நைனா முகமது. மற்றவர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் பலராமன்.

"எத்தினி வருசம் காத்துனு இருந்தா செத்துட்டான்னு ஒத்துக்கணும்?"

"ஆயிரத்து நானூறு வருசமா நாங்க ஒத்துக்கலியே," என்றார் முகமது. "ஈசா நபி, அதான் உங்க ஏசு, சாவல பா. மேல எடுத்துக்கினாங்க. எறங்கி வரசொல்ல தொழுக நேரம். அப்ப எங்க சனத்துக்குத் தலைவரா இருக்கற மஹ்தி, 'வாங்க, நீங்க முன்னால நின்னு நடத்துங்க'ன்னுவாரு. இவரு மாட்டேன்னுட்டு அவரு பின்னால நின்னு தொழுவாரு."

"பழைய யூதங்க கத வேற," என்றார் பலராமன். "அவங்க காத்திருந்தது திரும்பி வர்ற ஆளுக்கு இல்ல. இனிமேதான் மொதமொத வரணும். தாவீது வம்சத்து ராஜா. செதறிப்போன சனத்த ஒண்ணு சேப்பாரு. சாக்கடலாண்ட இருந்த ஒரு கூட்டம், அவரு வந்தா பந்தில எங்க உக்காரணும்னே எழுதி வச்சுது."

நாற்காலிக்காரர் நிமிர்ந்தார். "மொத எடந்தான சார்?"

"இல்லய்யா. மொதல்ல பூசை பண்ற குரு. அப்புறந்தான் ராஜா."

முகமது சிரித்தார். "யோவ் அமிர்தம், ரெண்டு பக்கமும் வர்றவரு மொத எடத்துக்கு வரலியே. நீ புள்ளய விஐபி சீட்டுல கூப்புட்டுனு இருக்க. கூச்சப்பட்டு எங்கயாச்சும் நிக்கறானோ இன்னாவோ."

கல்லறைத் திருநாள் சாயங்காலம் மழை ஓய்ந்து, கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறு. அமிர்தசாமி உறையைக் கழற்றிச் சிவப்பு நாற்காலியை, பூசைக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் கடைசி வரிசையில் போட்டார். உட்கார்ந்தால் வந்துவிட்டான் என்று அர்த்தம், பேரை அடித்துவிடலாம்.

உபதேசியார் பட்டியலைப் பிரித்தார். நாற்காலியின் நாலு காலும் சேற்றில் நாலு விரல் இறங்கின. ஓர் ஆள் கனம். மேலே யாரும் இல்லை.

"வந்துட்டான்டி! பேர அடிக்கணும்."

செல்வி அவர் சட்டையைப் பிடித்தாள். "குந்து. படிக்கட்டும். கூப்ட்டா இன்னா பண்றான்னு பாப்போம்."

"லியோ பிரகாஷ்," என்று படித்தார் உபதேசியார்.

நாற்காலிக் கால்கள் மெல்ல மேலே வந்தன. குழிகளில் தண்ணீர் ஊறியது. பிறகு சேற்றில் ஒரு வெறுங்கால் தடம் விழுந்தது. அடுத்து இன்னொன்று. விரல்கள் வெளிக்கேட்டைப் பார்க்கவில்லை, சிலுவைகளைப் பார்த்தன.

"அடிக்க வேணாம்," என்றார் அமிர்தசாமி.

தடத்துக்கு முன்னால் போய், ஒவ்வொரு வரிசையிலும் நாற்காலியை ஒதுக்கினார். "கால எடுங்க பா. கொஞ்சம் வழி வுடுங்க."

யாருக்கு வழி என்று தெரியாமலே எல்லோரும் காலை மடக்கிக்கொண்டார்கள்.