மாஸ்டர் அடித்த சிலந்தி

ஆறு ஓடுகளை அடுக்கி வைத்தால் ஒரே அடியில் தூளாக்கிவிடுவார் கராத்தே மாஸ்டர். எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் அவருக்குத் தொடை நடுங்கும். முதல் சங்கதி ஊருக்கே தெரியும். இரண்டாவதை, கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக ஈ காக்காய்க்குத் தெரியாமல் காப்பாற்றி வந்தார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறையில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் விழுந்த காலுறையை எடுக்கக் கையை விட்ட அவர் மனைவி, "ஐயோ, எட்டுக்கால் பூச்சி கடிச்சிடுச்சு!" என்று அலறினாள். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்ததும் மாஸ்டர் செருப்போடு உள்ளே போனார். சுவரில் பொத்து பொத்தென்று இரண்டு அடி. "காலி! கழிவறையில போட்டுத் தண்ணி ஊத்திட்டேன்" என்று மார்தட்டிக்கொண்டு வந்தார்.

விரலில் ஊசி குத்தினாற்போல் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் வலி தோள்வரை ஏறியது, வயிறு கல்லாக இறுகியது, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. அடுத்த தெருவிலிருந்த அவள் தம்பி காரோடு ஓடிவந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "பூச்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"மாமாதான் அடிச்சாரு டாக்டர். சிங்கம்!" என்றான் மச்சினன்.

சிங்கம் அடித்தது சின்னதாகவா இருக்கும்? "உள்ளங்கை அகலம் டாக்டர். பழுப்பு நிறம், நீளநீளமா காலு, உடம்பெல்லாம் முடி" என்று அளந்துவிட்டார் மாஸ்டர்.

டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "அது கரப்பான் புடிச்சுத் திங்கிற சாது. அது கடிச்சு வயிறு இப்படி இழுக்காது. அப்ப வயித்துக்குள்ளயே வேற ஏதோ கோளாறு. ஸ்கேன் எடுத்துட்டு, ஆபரேஷன் பண்ற டாக்டரைக் கூப்பிடறேன்."

மாஸ்டர் சட்டென்று டாக்டரம்மாவை மறித்தார். ஒரு வெட்டிப் பெருமைக்காகக் கட்டியவளின் வயிற்றைக் கிழிப்பார்களா? தன்மேலேயே அவருக்குக் காறித் துப்பலாம்போல் வந்தது.

"டாக்டர், நான் அதை அடிக்கல. பாக்கக்கூட இல்ல. கண்ணை மூடிக்கிட்டு சுவத்தைத்தான் அடிச்சேன்."

மச்சினன் வாயைப் பிளந்தான்.

"அப்ப உயிரோட இருக்கும். நல்லதாப் போச்சு! கை படாம, கண்ணாடி டம்ளரைக் கவுத்து, அடியில அட்டையைச் செருகிக் கொண்டாங்க" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் மச்சினன், "நான் புடிக்கிறேன், நீங்க வெளிய நில்லுங்க மாமா" என்றான். அந்த 'மாமா'வில் பழைய மரியாதை பாதிகூட இல்லை.

"போடா அந்தப் பக்கம்" என்று மாஸ்டர் மண்டியிட்டார். மெஷினுக்குப் பின்னால், ஒழுங்கான வலைகூட இல்லை. சிக்கு விழுந்த நூல்போல் தாறுமாறான இழைகள். நடுவில் தலைகீழாக, பட்டாணி அளவில், பளபளவென்று கறுப்பாக ஒன்று. வயிற்றின் அடியில் ரத்தச் சிவப்பில் ஒரு குறி. அது பாயவுமில்லை, ஓடவுமில்லை; உன் சோலியைப் பார் என்று தொங்கிக்கொண்டிருந்தது. டம்ளரைக் கவிழ்த்து, அட்டையைச் செருகி, கண்ணைத் திறந்தபடியே பிடித்தார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

டாக்டரம்மா டம்ளரைத் தூக்கி ஒரே ஒரு பார்வை பார்த்தார். "இதேதான். இது கடிச்சாத்தான் வயிறு இப்படி இறுகும். கத்தி வேண்டாம், மருந்து போதும்."

சாயங்காலத்துக்குள் வலி அடங்கியது. மனைவி டம்ளரைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இத்துனூண்டு. இதுக்கா பயந்தீங்க?"

"ஆமா."

"நான் கத்தினப்போ நீங்க எட்டிப் பாத்தீங்க. உடனே கதவு படார்னு சாத்திக்கிச்சு. காத்துன்னீங்களே?"

"காத்து இல்ல. நான்தான்."

"நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

மச்சினன் டம்ளரை எடுத்துக்கொண்டு நைசாக நழுவினான்.

அவள் கொஞ்சம் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். "உக்காருங்க. இன்னிக்கு உங்க வாயில நிசம் வருது. பதினோரு வருஷத்துக்குக் கேக்க வேண்டியது இருக்கு."