நுரை அக்காவின் இரண்டு தலையணைகள்

லாட்ஜின் சலவை அறையில் நான் இஸ்திரி போடுகிறேன். எதிரே துணி துவைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் நுரை அக்கா என்போம். சோப்பை அள்ளிக் கொட்டுவாள். எந்தக் கறைக்கும் எந்த நாற்றத்துக்கும் அவளிடம் ஒரே வைத்தியம்தான்: இன்னொரு தடவை கழுவு.

அதே வைத்தியத்தைத் தன் உடம்புக்கும் செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வெள்ளைப்படுதல், கூடவே மீன் வாடை. "உன் பக்கத்துல படுக்க முடியல" என்று புருஷன் தலையணையோடு ஹாலுக்குப் போய்விட்டான். அந்த மனுஷன் குளிப்பதே அபூர்வம், அது வேறு கதை. இவள் விரிப்புகளுக்கு ஊற்றும் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து தினமும் உள்ளே வரை கழுவினாள். கழுவக் கழுவ எரிச்சலும் வாடையும் கூடின.

நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பரிசோதித்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"இது அழுக்கு இல்லம்மா. அங்க நல்ல கிருமிங்க காவல் இருக்கும். அதையும் சேர்த்துக் கொன்னுட்ட. முதல்ல கழுவுறத நிறுத்து, இந்த மாத்திரைய முழுசா சாப்பிடு."

"நல்ல கிருமி கேப்சூல்னு விக்கிறாங்களே, அது?"

"சிலருக்கு உதவலாம், உறுதியா சொல்ல முடியாது. வேணும்னா சாப்பிடு. மாத்திரைக்குப் பதிலா இல்ல."

இரண்டையும் விடாமல் விழுங்கினாள். "ஆயுசு பூரா கிருமியக் கொன்னவ, இப்ப அதையே முழுங்குறேன் பாரு" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! வாடை அடியோடு போனது. சரியாகிவிட்டது என்று டாக்டரம்மாவே சொன்னார்.

அன்று வீட்டு விரிப்பையும் இரண்டு தலையணை உறைகளையும் கொண்டுவந்தாள். "ஒரு சுருக்கம் இல்லாம தேச்சுக் குடுடி."

"என்னக்கா, புதுப்பொண்ணு மாதிரி?"

"போடி" என்றாள். முகம் சிவந்துவிட்டது.

மறுநாள் அவளே சொன்னாள். "டாக்டர் சொன்னத அவர்கிட்ட சொன்னேன். 'இருக்கட்டும், எனக்கு ஹாலே பழகிப்போச்சு'ன்னுட்டு டிவி சத்தத்தக் கூட்டிட்டாரு."

நான் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தேன்.

"நெசமா சொல்லுடி, எம்மேல இன்னும் வாடை அடிக்குதா?"

"சத்தியமா இல்லக்கா. குறை உங்கிட்ட இல்ல."

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை மெஷினுக்குப் போகும் வழியில் என்னைக் கடந்து போனாள். கால்களை அகட்டி, மெதுவாக நடந்தாள். அவள் மேல் கிருமிநாசினி வாடை அடித்தது.