பத்து ரூபாய்ப் பங்கு

கோபம் வந்தால் எனக்கு உட்காரத் தெரியாது. திண்டிவனத்தில் எங்கள் ஆபீசே பத்தடிதான். அதற்குள் நான் நடந்த நடையைப் பார்த்துக்கொண்டே சீனுவாசன் காபியை ஆறவிட்டார்.

அவர் எங்கள் கம்பெனியில் முதலீடு போட்டவர். மல்லாட்டையை வறுத்து அரைத்து பீநட் பட்டர் விற்கிற கம்பெனி அது. நானும் கலைப்பிரியாவும் ஆரம்பித்தது. துபாய் வெயிலில் வெந்து நான் சேர்த்ததெல்லாம் அதில்தான் கிடக்கிறது.

"ஒப்பந்தத்துல இருக்கிற ஷரத்தைப் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க, ஆசிப்? நான் ஒரு பங்கை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். பின்னால யாருக்காவது குறைச்ச விலைக்குக் குடுத்தா, என் விலையும் அதுக்கு இறங்கும். நீங்க பத்து ரூபாய்க்குக் குடுத்திருக்கீங்க. அப்போ என் ஒரு பங்கு நூறு பங்காகணும்."

அப்படியானால் கம்பெனி அவருடையது. நாங்கள் சம்பளத்துக்கு நிற்க வேண்டியதுதான்.

எல்லாம் கலைப்பிரியா செய்த வேலை. மழை பொய்த்த வருஷம் கெடார் கிராமத்து விவசாயிகள் முன்பணம் கேட்காமல் மல்லாட்டை மூட்டைகளைக் கொடுத்தார்கள். இவள் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய், அவர்கள் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, உங்களையும் பங்குதாரர் ஆக்குவேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தாள். போன வாரம் அவர்களுக்குப் பத்து ரூபாய் விலையில் புதுப் பங்கு ஒதுக்கித் தீர்மானம் போட்டாள். நல்ல காரியம்தானே என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

"ஒரு வக்கீலக் கேட்டுட்டுப் பண்ணக் கூடாதா? சத்தியம் பண்ண மட்டும் ஜல்தியா ஓடிப் போவ" என்று எதிரே மேசையில் உட்கார்ந்திருந்த அவள் மேல் பாய்ந்தேன்.

"மூட்டைய ஏத்தும்போது நீ எந்த வக்கீலக் கேட்ட?"

"சண்டைய அப்புறம் வச்சுக்கங்க" என்றார் சீனுவாசன். "புதுப் பங்கு இன்னும் பதிவாகல. தீர்மானத்த ரத்து பண்ணுங்க, நானும் விட்டுடறேன்."

"சூடம் அணைச்சிருக்கேன் சார். முடியாது."

"அப்போ நான் ஒண்ணுக்கு நூறா என் பங்கை எடுத்துக்குவேன். உங்க விவசாயிங்க பங்கும் சேர்ந்துதான் ஒண்ணுமில்லாம போகும்."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. கலைப்பிரியா கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசு வேணாம், ரத்து பண்ணிடலாம். என்னோட பங்குல இருந்து அவங்களுக்கு எழுதிக் குடுத்தா?"

"இருக்கிற பங்கு கை மாறினா என் ஷரத்து அசையாது. உங்களுதுதான் குறையும்."

"குறையட்டும்" என்று பேனாவை எடுத்தாள்.

நான் அதைப் பிடுங்கினேன்.

"இன்னா பாய், இதுக்கும் கத்தப் போறியா?"

"கத்தத்தான் போறேன். பாதிய என்னுதுல போடு. சூடம் அணைச்சது நீ. அந்த மல்லாட்டைய லாரில ஏத்திக்கினு வந்தது நானு."