அப்பா சீரியஸ்

வாலாஜாபாத் மீன் கடையிலிருந்து சாக்கில் கட்டி வந்த ஐஸை நடேசன் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார். உமி ஒட்டிய துண்டுகளை ஜோதி வாரி வாரி அப்பாவின் விலாவோரம் அடுக்கினாள். அப்பா ராஜாமணி கடலைப் பார்த்ததே இல்லை. இப்போது அவர் மேல் மீன் வாசனை அடித்தது.

"நேத்து காத்தால போன உயிரும்மா. இன்னும் எவ்ளோ நேரம் வச்சினு இருக்கறது?" என்றார் நடேசன், அப்பாவின் தம்பி. "ஜூன் மாச வெயிலு. மூஞ்சி மாறிகினு வருது பாரு."

"பொழுது சாயட்டும் சித்தப்பா. ஜீவா வந்துருவான். ஒரு தபா மூஞ்சிய பாத்துக்கட்டும்."

அவள் தம்பி ஜீவானந்தத்துக்குத் தெற்கே, கடலோரக் காவல் படையின் ரோந்துப் படகில் வேலை. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அந்தப் படகு கரையில் நிற்பதே அபூர்வம். பொங்கலுக்கு வந்திருந்தபோது அப்பா கேட்டார்: "திருடன் எவனாவது மாட்னானாடா?"

"பத்து போட்டை நிறுத்தி ஏறிப் பாத்தா பத்துலயும் மீனுதாம்பா."

"அதுக்காவ பதினோராவது போட்டை உட்ருவியா? உடாத."

அப்பா கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். மாற்றாள் வராமல் ஒரு நாளும் கேட்டை விட்டு நகர்ந்ததில்லை.

நேற்று தந்தி ஆபீசில் ஜோதி முதலில் 'இறந்துவிட்டார்' என்றுதான் எழுதினாள். நடேசன் எட்டிப் பார்த்தார். "அத்த அடிச்சிடும்மா. நடுக்கடல்ல இருக்கற புள்ள, பதறிப்போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா? சீரியஸ்னு போடு. எல்லாரும் அப்டித்தான் போடுவாங்க." அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அடித்துவிட்டு, 'ஃபாதர் சீரியஸ்' என்று எழுதினாள். பிள்ளைப்பாக்கத்தில் யாருக்கு அப்படித் தந்தி வந்தாலும், படித்த மறுநிமிஷம் வீட்டில் ஒப்பாரி கேட்கும்.

பொழுது சாய்ந்தது. கடைசியாக வந்து நின்ற பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். அவன் இல்லை. நடேசன் கொள்ளிச் சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

பால் தெளித்ததற்கு மறுநாள் மத்தியானம் ஜீவா வந்தான். பந்தல் கீற்று இன்னும் பிரிக்கவில்லை. அதன் கீழே பையோடு நின்றான்.

"எப்போக்கா?"

"தந்தி குடுத்த அன்னிக்குக் காத்தாலயே."

தலையை ஆட்டிக்கொண்டான். "ஒயர்லெஸ்ல படிச்சாங்க. ஆபீசரு வடக்கத்திக்காரரு. சீரியஸ்தானே, ரெண்டு நாள்ல நம்ம ரோந்து முடிஞ்சுரும், கரைக்குப் போனதும் கெளம்புன்னாரு. சாவுன்னா வேற போட் வந்து ஏத்திகினு போயிரும். போன மாசம் ஒருத்தன அப்டித்தான் அனுப்பனாங்க."

நடேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டார்.

"எழுதனது நாந்தாண்டா," என்றாள் ஜோதி.

"நம்மூர்ல சீரியஸ்னா இன்னான்னு எனுக்குத் தெரியாதாக்கா? சார்னு கூப்ட்டேன். அவரும் திரும்பி, இன்னான்னு கேட்டாரு." பந்தல் காலைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல சார்னுட்டேன்."

"ஏண்டா?"

அவன் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.

துவைக்கப் போடலாமென்று ஜோதி அவன் பையைத் திறந்தாள். உப்புப் பூத்த இரண்டு சட்டைகள். அவற்றுக்கடியில், பழைய பேப்பரில் சுற்றி நூல் கட்டியது ஒன்று. பேப்பர் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். ஹார்லிக்ஸ் பாட்டில், மூடி பிரிக்காதது.

கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. பேப்பரை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்து, பாட்டிலைப் பையின் அடியில் வைத்தாள். சட்டைகளை முன்பு இருந்தபடியே மேலே அடுக்கிவிட்டு, பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள்.