நாலு தடவை ஒரே பேச்சு

ஆர்.எஸ்.புரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டராக இருந்த மோகன்குமார், தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாதத்தில் நஸ்ரியாவைத் தேடி அவள் வேலை செய்த விளம்பர ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். நஸ்ரியா அப்போது நகைக்கடைகளுக்கும் பட்டுக்கடைகளுக்கும் கேபிள் டிவி விளம்பரம் செய்துகொண்டிருந்தாள். நெக்லஸ் ஒன்று பெட்டியிலிருந்து தானாக எழுந்து பறந்துபோய் ஒரு கழுத்தில் உட்காரும். சேலை மடிப்பு விரிந்து கடையின் பெயராக மாறும். கோவையில் கம்ப்யூட்டரில் படத்தை அசைய வைக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கு நாலைந்து பேர்தான். அவர்களில் பெண் அவள் ஒருத்தி.

டாக்டர் கனமான புத்தகம் ஒன்றைப் பிரித்து ஒரு புகைப்படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத் தரையில் வரிசை வரிசையாக நட்டுவைத்த நாற்று மாதிரி இருந்தது. காதுக்குள்ளே, நத்தைக்கூடு போலச் சுருண்ட குழாய்க்குள் இருக்கும் மயிர்ச் செல்கள் என்றார். ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம். சத்தம் வந்தால் இவை வளைந்து நிமிரும். அப்படி வளைவதுதான் நமக்குக் கேட்பது. வருஷக்கணக்காகப் பெரிய சத்தத்தில் நின்றால் ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிடும். சாய்ந்தது திரும்ப முளைக்காது.

பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர்கள் அறுபத்திரண்டு பேரை அவர் சோதித்திருந்தார். நாற்பத்தொரு பேருக்குக் காது கெட்டிருந்தது. ரப்பர் அடைப்பு வாங்கிக் கொடுத்து, காதில் வைத்துக்கொண்டு வேலை செய்யச் சொன்னார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது ஒருத்தர் காதிலும் இல்லை.

"ரத்தம் வர்றதில்ல, வீக்கம் இல்ல, வலி இல்ல. சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. உள்ள நடக்கறத நீங்க கண்ணுல காட்டோணுமுங்க அம்மணி" என்றார்.

நஸ்ரியா புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். நெக்லஸைப் பறக்கவிட்ட அலுப்பு அவளுக்கு ரொம்ப நாளாகவே இருந்தது.

படத்தை அவள் பார்த்துக்கொள்ளலாம். சத்தத்துக்கு அவளுடைய அண்ணன் ஆசிப் வேண்டியிருந்தான். கோட்டைமேட்டில் அவனுக்குச் சின்னதாக ஒலிப்பதிவு அறை இருந்தது. ரேடியோ விளம்பரங்கள் பதிவு செய்வான், கல்யாணங்களுக்கு மைக் செட்டும் போடுவான். விஷயத்தைக் கேட்டதும், கேட்காமல் போவதைக் கேட்க வைக்க வேண்டும், அவ்வளவுதானே என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சிரமம் என்று இரண்டு பேருக்கும் உறைத்தது.

இரண்டு பேரும் டாக்டரின் காரில் பல்லடம் போனார்கள். பாலுசாமி என்பவரின் தறிக்குடோனில் இருபத்துநாலு தறிகள் ஓடின. உள்ளே காலை வைத்ததும் நஸ்ரியாவுக்கு நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. ஆசிப்பின் ஒலிப்பதிவுக் கருவியில் முள் கடைசிச் சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டது.

ஆறு தறிகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்புசாமி. ஐம்பதை நெருங்கியவர். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. அந்தக் குடோனில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. உதட்டை அசைத்தால் போதும், விரலைக் காட்டினால் போதும். நஸ்ரியா கேட்ட ஒவ்வொன்றையும் அவர் அவள் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டு கையால் பதில் சொன்னார். அவருக்குக் காது மந்தம் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. டாக்டரின் சோதனைக்கும் அவர் வரவில்லை. தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

தினசரிப் பேச்சாக ஒரு பெண் குரல் வேண்டும் என்று ஆசிப் சொன்னான். குடோனுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் அப்புசாமியின் மனைவி காளியாத்தாள் இருந்தாள். தனிக் கொட்டகை ஒன்றில் நூல் சுற்றும் வேலை அவளுக்கு. அங்கே இவ்வளவு இரைச்சல் இல்லை. வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னபோது அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"யாரையோ கூப்புடற மாதிரி சொல்றனுங்க. அவரையேன்னு வேண்டாம்."

அப்புறம் மைக்கைப் பார்த்துச் சொன்னாள். "ஏனுங்க, சோறு போட்டாச்சு. சூடு ஆறறதுக்குள்ள வந்து சாப்புடுங்க."

ஆசிப் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் நஸ்ரியாவிடம் காரணத்தைச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், தாராபுரத்தில் இருந்த அவளுடைய அம்மா இனித் தாங்காது என்று தகவல் வந்தது. அப்புசாமி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா பிழைக்க மாட்டாள், நான் இந்த பஸ்ஸுக்கே போகிறேன், நீங்கள் லீவு சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் என்று அவருக்குப் பின்னால் நின்று சொன்னாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு வரவில்லை. மறுநாள் அம்மா இறந்தாள். ஆள் போய்ச் சொல்லி அவர் வந்து சேர்ந்தபோது எரியூட்டி முடிந்திருந்தது. மருமகன் இல்லாமலே எல்லாம் நடந்தது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அதிலிருந்து வேண்டிய பேச்சுக்குமேல் அவள் அவரிடம் பேசுவதில்லை. அவரும் கேட்டதில்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள்.

நஸ்ரியா அதைக் கேட்டு வருத்தப்பட்டாள். அதற்கும் தான் செய்யப்போகிற படத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

திரும்பி வரும்போது சூலூர் தாண்டியும் அவள் காதில் இரைச்சல் நிற்கவில்லை. இன்றைக்கு வளைந்தவை நாளைக்கு நிமிர்ந்துவிடும், தினமும் போனால்தான் நிமிராது என்றார் டாக்டர்.

படத்துக்கு நான்கு மாதம் பிடித்தது. நான்கு நிமிஷப் படம். நொடிக்குப் பன்னிரண்டு ஓவியம் என்று வைத்தால்கூட மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்டுடியோ முதலாளி கம்ப்யூட்டரை ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுத்தார். முதலில் புத்தகத்தில் இருந்தபடியே வரைந்தாள். டாக்டருக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஸ்டுடியோவில் வேறு யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அழித்துவிட்டு, மானாவாரிச் சோளக்காடாக வரைந்தாள். சத்தம் காற்றாக வருகிறது, சோளத் தட்டைகள் வளைகின்றன, நிமிர்கின்றன. வருஷம் ஓட ஓடக் காற்று நிற்பதேயில்லை. ஒரு தட்டை சாய்கிறது. பக்கத்தில் இன்னொன்று. கடைசியில் காட்டின் ஒரு கோடி முழுக்க வெறும் தரை.

தறி ஓடும் காட்சிகளுக்குச் சத்தமே வேண்டாம் என்று ஆசிப் முடிவு செய்தான். அவர்கள் தினமும் கேட்பதை மறுபடி போட்டு என்ன ஆகப்போகிறது? சத்தம் கடைசியில் மட்டும் வரட்டும். டாக்டரிடம் இருந்த சோதனைத் தாள்களை வைத்து, ஐந்து வருஷம், பத்து வருஷம், இருபது வருஷம் வேலை செய்தவர்களுக்கு எந்தெந்த ஒலி எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டு, காளியாத்தாளின் குரலில் அவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்தான். இருபது வருஷத்துக்கு வந்தபோது 'சோறு' வெறும் 'ஓறு' ஆனது. 'சூடு' என்பது 'ஊடு' ஆனது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுவது போல மிச்சம் இருந்தது. கேட்டுவிட்டு நஸ்ரியா ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள். வேலையை அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தறிக்கு விடுமுறை நாளில், பாலுசாமியின் நூல் குடோனில் படத்தைப் போட்டார்கள். டிவியும் வீடியோ பிளேயரும் பாலுசாமி வீட்டிலிருந்து வந்தன. ஆசிப் இரண்டு ஸ்பீக்கர் கட்டினான். நாற்பது பேர் குடும்பத்தோடு பாய்மேல் உட்கார்ந்தார்கள். பாலுசாமி நாற்காலியில் உட்கார்ந்தார்.

சோளக்காட்டைப் பார்த்ததும் முதலில் சிரித்தார்கள். தட்டைகள் சாய ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. காட்டின் கோடி வெறுமையானபோது ஒருவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நஸ்ரியா கவனித்தாள்.

பிறகு திரை இருட்டாகி எழுத்து மட்டும் வந்தது. காளியாத்தாளின் குரல், கெடாத காதுக்கு எப்படிக் கேட்கும், ஐந்து வருஷத்தில் எப்படி, பத்து வருஷத்தில் எப்படி, இருபது வருஷத்தில் எப்படி என்று நாலு தடவை ஒலித்தது. குடோன் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் அப்புசாமி சத்தமாகக் கேட்டார்.

"ஏனுங்க, ஒரே பேச்சையே எதுக்கு நாலு தடவ போடறீங்க?"

நாலும் அவருக்கு ஒன்றுபோலவே கேட்டிருக்கிறது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பாலுசாமியும் பார்த்தார். அப்புசாமி சுற்றிலும் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிய ஆரம்பிப்பதை நஸ்ரியா பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் டிவியை அணைக்கலாமா என்று தோன்றியது. அணைப்பதற்குத் திரையில் ஒன்றுமில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து காளியாத்தாள் எழுந்தாள். நேராக வந்து கணவன் முன்னால் உட்கார்ந்தாள். அவர் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"நான் அம்மாவப் பாக்கப் போன அன்னைக்கு, கொழாயடியில உங்க பின்னால நின்னு சொன்னனே. உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார்.

"நீ சொல்லவே இல்லீன்னு இருந்தேன். முந்தின நாள் சண்ட போட்டமே, கோவத்துல நீ சொல்லாமப் போயிட்டீன்னு நெனச்சுப்போட்டேன்."

காளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிற சத்தம்கூட வெளியே வரவில்லை. ஆசிப் குனிந்து, தேவையே இல்லாமல், ஒரு ஒயரைப் பிடுங்கி மறுபடி மாட்டினான்.

டாக்டர் வெற்றி என்றுதான் நினைத்தார். அன்றைக்கே இருபத்தேழு பேர் அடைப்பு வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பத்து நாள் கழித்து அவரே போன் செய்து இன்னொன்றைச் சொன்னார். அப்புசாமியைத் தறியிலிருந்து மாற்றித் துணி மடிக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார் பாலுசாமி. ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா கோளாறாக ஓடினால் சத்தத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும், காது கேட்காத ஆளை நம்பி ஆறு தறியை விட முடியாது என்று காரணம் சொன்னாராம். இத்தனை வருஷமும் கையால் தொட்டு அதிர்விலேயே கண்டுபிடித்ததாக அப்புசாமி சொல்லிப் பார்த்திருக்கிறார். பாலுசாமி கேட்கவில்லை.

நஸ்ரியா அன்றைக்கு ஸ்டுடியோவில் ஒரு வளையல் விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது. கை ஓடவில்லை. மறுநாள் தனியாக பஸ் ஏறிப் பல்லடம் போனாள்.

அப்புசாமி மடிக்கும் அறையில் துணிக் குவியலுக்கு நடுவே நின்றிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, தன்னை மன்னிக்க வேண்டும் என்றாள். அவர் கையிலிருந்த துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இங்கயே இருந்தா மிச்சம் இருக்கறதாச்சும் தங்குமுன்னு டாக்டர் சொல்றாருங்க. நல்லதுதான். ஆனா அம்மணி, முதலாளிய முன்னால உக்கார வெச்சுட்டு எங்களச் சோதிச்சுப்போட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க."

அவள் தலையாட்டினாள். தறிகளின் இரைச்சல் சுவர் வழியே வந்துகொண்டிருந்தது. அவரே மறுபடி பேசினார். படம் தனக்கு முழுசாகப் புரிந்தது என்றார். குரலில் இருந்த வித்தியாசம்தான் எட்டவில்லை. தட்டை சாய்ந்ததைப் பார்த்தபோது அது யாருடைய காடோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

குரல் பகுதியைப் படத்திலிருந்து வெட்டிவிடுவதாக நஸ்ரியா சொன்னாள். வேண்டாம் என்று அவர் கையசைத்தார். அது இல்லாவிட்டால் வீட்டுக்காரி கடைசிவரைக்கும் தன்னைக் கல்நெஞ்சுக்காரன் என்றே நினைத்திருப்பாள் என்றார்.

அதற்கப்புறம் படத்தை வேறு மாதிரி காட்டினார்கள். முதலாளிகள் உள்ளே வரக்கூடாது என்று டாக்டரிடம் நஸ்ரியா பிடிவாதமாகச் சொன்னாள். ஓவியத்தை எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். குரலை மட்டும், தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒவ்வொருவராக ஹெட்போனில் கேட்பார்கள். என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்பது கேட்டவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. சில ஊர்களில் சாயங்காலம்வரை இழுத்தது. மனைவியையும் உள்ளே கூட்டிப்போகலாமா என்று கேட்டவர்கள் உண்டு. சரி என்றார்கள்.

அந்த வருஷம் ஒன்பது குடோன்களில் காட்டினார்கள். சிலர் காதில் அடைப்பு வைத்தார்கள். நிறையப் பேர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்கள். பாலுசாமி அப்புசாமியைத் திரும்பத் தறிக்கு எடுக்கவேயில்லை.

ஆவணியில் வேறொரு குடோனுக்குப் போகும் வழியில், பல்லடம் பஸ் நிலையத்தில் நஸ்ரியா அவர்களைப் பார்த்தாள். காளியாத்தாளின் அம்மாவுக்கு வருஷத் திதியாம். இரண்டு பேரும் தாராபுரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். மூன்று வருஷமும் தான் ஒருத்தியாகப் போய் வந்ததாகக் காளியாத்தாள் சொன்னாள். பஸ் வந்தது. கூட்டம் நெருக்கியது. காளியாத்தாள் முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். கீழே நின்ற கணவனைக் கூப்பிடாமல், ஜன்னல் வழியே கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்ததும், பின்பக்கம் ஏறி வரச் சொன்னாள்.