மூணேகால் கெஜம்

1

இந்தக் கதை முதலில் பத்து மதிப்பெண் கேள்வியாக இருந்தது. அதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்.

காவல் துறையில் இருபத்தொன்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், துறைத் தேர்வு எழுதும் போலீஸ்காரர்களுக்காக வீட்டுச் சோதனை, பொருள் கைப்பற்றல் பற்றி ஒரு கேள்வி-விடைப் புத்தகம் தயாரித்தேன். அதில் பதினேழாவது கேள்வி இது: 'திருட்டுப் பொருள் என்று கருதப்படும் ஒன்று, பிரித்தெடுத்தால் கெட்டுவிடும் நிலையில், குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டிலேயே இருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் என்ன செய்ய வேண்டும்?'

விடை நாலு வரி. அச்சாகியும்விட்டது. ஆனால் அந்தச் சப்-இன்ஸ்பெக்டர் நாலு வரிக்குள் அடங்கவில்லை. தொந்தரவு பொறுக்காமல் அவனுக்கு ஒரு பெயர் வைத்தேன். பெயர் வைத்தது தப்பு.

2

முதல் வாக்கியம் சரியாக வரவில்லை.

'காஞ்சிபுரத்தில் மழை பிடித்துக்கொண்ட ஒரு கார்த்திகைக் காலையில்—' வேண்டாம். மழையை வைத்தே பக்கத்தை ஓட்டுவது எனக்குப் பிடிக்காது.

'ஆதிகேசவன் நேர்மையான அதிகாரி. அவன்—' இதுவும் வேண்டாம். அதை நானே சொல்லிவிட்டால் அவன் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். 1971, காஞ்சிபுரம். ஆதிகேசவன் மாகறலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். சப்-இன்ஸ்பெக்டராகி ஒன்றரை வருடம். புரொபேஷன் முடிய இன்னும் நாலு மாதம். சட்டப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிற ரகம். பட்டு வியாபாரி பஞ்சாட்சரம் அவனிடம் ஒரு புகார் கொடுத்தார்: கடையிலிருந்து ஜரிகைக் கண்டுகள் காணாமல் போயின; எடுத்தது தன்னிடம் கூலிக்கு நெய்யும் கைலாசம்; அவர் இப்போது தன் சொந்தக் கணக்கில் நெய்யும் சேலையில் ஓடுவது அந்த ஜரிகைதான்.

"இந்த நெறம் ஊர்ல வேற யார்கிட்டயும் கெடையாதுபா. என் கடைச் சரக்கு. பாத்த ஒடனே சொல்லிடுவேன்" என்றார்.

வழக்கில் இருந்த ஆதாரம் அவ்வளவுதான். எழுதும்போதே எனக்கு இது மெலிந்ததாகப் பட்டது. கூட ஒரு சாட்சியைச் சேர்க்கலாமா என்று பார்த்தேன். சேர்க்கவில்லை. நான் பார்த்த பல வழக்குகள் இதைவிட மெலிந்தவை.

3

ஆதிகேசவன் கைலாசம் வீடு இருக்கும் பிள்ளையார்பாளையத்துக்குப் புறப்படும் முன்பே, எதைத் தேடப் போகிறோம், ஏன் தாமதிக்க முடியாது என்று எழுதிக் கையெழுத்திட்டான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 165 அதைத்தான் கேட்கிறது. பலர் சோதனையை முடித்துவிட்டு வந்து நிதானமாக எழுதுவார்கள். இவன் அப்படிச் செய்யவில்லை.

அடுத்தது பிரிவு 103: அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புக்குரிய இருவர் முன்னிலையில் சோதனை நடக்க வேண்டும். தெருவில் யாரைக் கேட்டாலும் கைலாசத்துக்கு மாமன், மச்சான், பங்காளி. கடைசியில் தெருக்கோடி டீக்கடை குப்புசாமியும் ஒரு பால்காரரும் கிடைத்தார்கள்.

[அடிக்குறிப்பு போல ஒன்று: இவை பழைய சட்டத்தின் எண்கள். எழுபத்துநாலில் புதிய சட்டம் வந்தபோது 103 என்பது 100 ஆனது. 165 மட்டும் அசையவில்லை. தேர்வு எழுதுகிறவர்கள் இதில் கோட்டை விடுவார்கள்.]

வீட்டில் மிச்சமிருந்த ஜரிகைக் கண்டுகளை எடுத்துப் பட்டியல் போட்டான். கைலாசத்தைக் கைது செய்தான். பிறகு தறிக்கு முன்னால் வந்து நின்றான். புத்தகத்தில் தறி இல்லை.

அரக்கு நிறப் பட்டு, பாதி நெய்திருந்தது. கரையில் அந்த ஜரிகை. எடுத்துப் போவதென்றால் அறுக்க வேண்டும். கைலாசத்தின் மனைவி தில்லையம்மாள் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தாள். அழவில்லை.

"அறுத்துடாதீங்க ஐயா. பாதி சேலையில கத்தி வெக்கிறது எங்க வூட்ல கெடையாது. தறில ஏத்தின பாவு நூல் மொத்தமும் பாழாப் பூடும்."

ஆதிகேசவனுக்கு அது புரிந்தது. பால் பிடிக்காத கதிரில் அரிவாள் வைக்க அவன் வீட்டிலும் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

"அப்போ யாரும்மா இத பாத்துக்கிறது?"

"நான் பாத்துக்கிறேங்க. பத்திரமா வெச்சிருந்து தரேன்."

நெய்த துணியை அளந்தான். மூணேகால் கெஜம். கைப்பற்றியதைப் பதியும் மகஜரில் அப்படியே எழுதினான். நெசவு நின்ற இடத்தில், கரையோரமாக ஒரு காகிதச் சீட்டைக் கட்டி அரக்கு முத்திரை வைத்தான். 'பத்திரமாக வைத்திருந்து கேட்கும்போது ஒப்படைப்பேன்' என்று அவளிடம் கையெழுத்து வாங்கினான். சாட்சிகளும் போட்டார்கள். கைதானவரின் மனைவியிடமே பொருளை விட்டுவிட்டு வருவது சரியில்லை என்று அவனுக்குத் தெரியும். விட்டுவிட்டு வந்தான்.

4

மூன்று வாரம் கழித்து, விசாரணைக்கு முந்தின நாள் காலை, சேலையை எடுத்துவரப் போனான். இம்முறை அறுத்துத்தான் ஆகவேண்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனான். தறி காலியாக இருந்தது. தில்லையம்மாள் மஞ்சள் துணியில் மடித்த ஒரு சேலையைக் கொண்டுவந்து நீட்டினாள். முந்தானையோடு ஆறு கெஜம்.

"என்னாம்மா இது?"

"சேலைங்க."

"அது தெரியுது. அன்னிக்கி பாதிதானே இருந்துச்சி?"

"நீங்கதானே பத்திரமா வெச்சிக்கச் சொன்னீங்க. நெய்யாம வுட்டா இந்த ஈரக் காத்துல பாவு தொஞ்சி பூடும். இழை அறுந்துக்கினே இருக்கும். அதான் முடிச்சி எடுத்து வெச்சேன். உங்க சீட்ட மட்டும் தொடலீங்க."

உண்மைதான். சேலையின் நடுவே அந்தச் சீட்டு கட்டியபடியே இருந்தது. அரக்கில் ஒரு கீறல் இல்லை. துணி அதைத் தாண்டி வளர்ந்திருந்தது.

(இங்கே வாசகர் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆதிகேசவன் சிரிக்கவில்லை.)

5

அவனுக்கு ஒரு கேள்வி எழுந்தது.

"ஜரிகைக்கு என்னா பண்ண? கண்டு எல்லாத்தையும் நான்தானே எடுத்துக்கினு போனேன்."

"எங்கண்ணன் நெசவாளர் சங்கத்துல மெம்பருங்க. அவரு வூட்ல இருந்து வாங்கியாந்தேன். சங்கத்துல எல்லா மெம்பருக்கும் குடுக்கிறது இதாங்க."

சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். சீட்டுக்கு இந்தப் பக்கக் கரையையும் அந்தப் பக்கக் கரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். டீக்கடைக் குப்புசாமியைக் கூப்பிட்டுக் காட்டினான். தெருவில் போன இன்னொரு நெசவாளரிடமும் காட்டினான். எங்கே பழைய ஜரிகை முடிந்து எங்கே புதியது தொடங்குகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

ஊரில் வேறு யாரிடமும் இல்லாத நிறம், சங்கத்து மெம்பர் ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்தது. பஞ்சாட்சரத்தின் புகாரில் ஒன்றும் மிச்சமில்லை. கைலாசத்தை விடுவிக்கக்கூடிய ஒரே சாட்சியம், மகஜருக்கு அப்பால் அவள் நெய்த அந்த இரண்டே முக்கால் கெஜம்.

அதைக் கோர்ட்டில் காட்டினால், கைப்பற்றிய பொருளைக் குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவியிடம் கொடுத்து நெய்ய விட்ட அதிகாரி என்று ஆதிகேசவன் பெயர் எடுப்பான். மெமோ வரும். புரொபேஷன் அதோடு சரி. மாகறலில் அவன் தம்பிகளும் தங்கைகளும் இந்தச் சம்பளத்தை நம்பித்தான் படிக்கிறார்கள். (தம்பி தங்கைகளை நான் இப்போதுதான் சேர்த்தேன். அவனுக்குத் தப்பிக்க ஒரு காரணம் கொடுக்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. இருக்கட்டும்.)

6

ஸ்டேஷனில் ஏட்டு முனிசாமி சேலையை மேஜைமேல் விரித்துப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. இதைவிடச் சிக்கலானவற்றையெல்லாம் முடித்துவைத்தவர்.

"இதுக்கு ஏன் சார் மண்டைய ஒடைச்சிக்கிறீங்க? சீட்டு இருக்கிற எடத்துல ஒரு வெட்டு. மூணேகால் கெஜம் நம்பள்து. மீதிய அந்தம்மாகிட்ட குடுத்துடுவோம். மகஜர்ல இல்லாதது நமக்கு எதுக்கு சார்?"

கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார்.

ஆதிகேசவன் அதை வாங்கினான். வாங்கிய பிறகு

வாங்கிய பிறகு அவன்

மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். மேலே போகிறேன்.

7

மறுநாள் கோர்ட். பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூலால் கட்டிய பொட்டலம் மேஜைமேல் இருக்கிறது. உள்ளே இருப்பது மூணேகால் கெஜமா ஆறு கெஜமா என்று வெளியே தெரியாது. கைலாசம் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார், ஆதிகேசவன் சாட்சிக் கூண்டில். தில்லையம்மாள் பின்வரிசைப் பெஞ்சில். அரசுத் தரப்பு வக்கீல் பொட்டலத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்கிறார்: "அன்று நீங்கள் கைப்பற்றிய பொருள் இதுதானா?"

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் 'ஆமாம்' என்கிறான்; கைலாசத்துக்கு ஆறு மாதம். மற்றொன்றில் பொட்டலத்தைப் பிரித்து, 'இல்லை, அன்று கைப்பற்றியது இதைவிடக் குறைவு' என்கிறான். கோர்ட்டே சிரிக்கிறது, கைலாசம் வீட்டுக்குப் போகிறார், இவனுக்கு மெமோ. முதலாவது எனக்கு நன்றாகவே எழுத வந்தது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு இரண்டையும் கிழித்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சர்வீஸில் நாற்பது முறையாவது அந்தச் சாட்சிக் கூண்டில் நின்று இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு முறைகூடப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னதில்லை. நாற்பது முறையும் 'ஆமாம்' என்றேன். அவற்றில் எத்தனை பொய் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பார்க்கவும் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

அதனால் ஆதிகேசவனுக்குப் பதில் சொல்லிக்கொடுக்க நான் தகுந்த ஆள் இல்லை. மாஜிஸ்திரேட் பேனாவைத் திறந்துவிட்டார். எல்லோரும் காத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள்.